திரும்பி வராத பாதிச் சீட்டுகளைத் தேடிப் போனவருக்கு

“இன்னைக்கு வியாழக்கிழமை, நானா.”

“தெரியும் புள்ள. என் மேசையிலயும் கலண்டர் இருக்கு.”

“அப்ப எழும்புங்க. கிளினிக் பன்னிரண்டு மணி மட்டுந்தான்.”

“ஏப்ரல் மாசக் கூட்டல் முடியல்ல.”

“அத நான் கூட்டிக்கிறேன். நீங்க போய் வாயக் காட்டிட்டு வாங்க.”

“காட்டி, அந்த டொக்டர் ஏதாவது சொல்லிட்டா? மாத்தளை வீதம் இருபத்தஞ்சுல நிக்குது. நான் ஒரு ஆள் கூடினா நாட்டையே எட்டிப் பிடிச்சிரும். விடு புள்ள, அடுத்த மாசம் பாப்போம்.”

“இதத்தான் போன மாசமும் சொன்னீங்க.”

“அப்ப நான் பேச்சு மாறாத ஆளுன்னு தெரியுதில்ல?”

பெருமதிப்புக்குரிய ஜனாப் எம். ஐ. ஸக்கரியா அவர்களே!

நான்கு வாரங்களுக்கு முன் நம் கந்தோரில், தட்டெழுத்தாளர் புஷ்பவதியின் மேசையருகே அவருக்கும் தங்களுக்கும் நடந்த இந்தப் பேச்சு எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. கேட்டுச் சிரித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினோம்.

முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தின் பிறப்பையும் இறப்பையும் பிசகில்லாமல் எண்ணி வந்த பெருந்தகையே! இலக்கங்களுக்குள் இருக்கும் மனிதரின் இல்லம் தேடிப் போன இனியவரே! கூட்டலில் கருணையும் கழித்தலில் கண்டிப்பும் காட்டிய கண்ணியவானே! ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு மே மாதம் முப்பத்தோராம் திகதி, புதன்கிழமையாகிய இன்று, தாங்கள் புள்ளிவிபரப் பிரிவு லிகிதர் பதவியில் இருந்து ஓய்வு பெறுகிறீர்கள். நிறைந்த மனத்தோடும் ஒரேயொரு குறையோடும் தங்கள் முன் நிற்கிறோம்.

வழக்கப்படி தங்கள் நற்குணங்களை வரிசையாக வாசிக்கத்தான் முதலில் எண்ணினோம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவீர்கள். துடைத்துக்கொண்டே எழுந்து போயும் விடுவீர்கள். ஆகவே ஸக்கரியா என்ற ஒருவரின் கதையாக இதைச் சொல்லப் போகிறோம். இங்கே வெளியார் எவரும் இல்லை. கந்தோர் ஆட்கள் ஏழு பேர். தங்கள் துணைவியார் றாபியா அவர்கள். றத்தோட்டைக்கு அப்பால், ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய மாரிமுத்து. அவ்வளவுதான். அந்த ஸக்கரியாவை இவர்கள் அனைவருக்கும் தெரியும். தாங்களும் யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல அமர்ந்து கேட்கவேண்டும்.

அறுபத்தைந்தாம் ஆண்டின் ஆரம்பத்தில் கொழும்பில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சில மாவட்டங்களில் மாதம் ஒருமுறை புற்றுநோய் கிளினிக் நடத்தப் போகிறார்கள். எங்கெங்கே என்பதை ஆண்களின் புற்றுநோய் இறப்பு வீதம் தீர்மானிக்கும். நாட்டின் வீதத்தைவிடக் கூடிய மாவட்டங்களுக்கே முதலிடம். ஸக்கரியா முந்தின வருடத்து இறப்புப் பதிவுகளை எடுத்து எண்ணினார். புற்றுநோயால் இறந்த ஆண்கள் பதினைந்து பேர். லட்சம் ஆண்களுக்குப் பதினொரு பேர் என்று வந்தது. நாட்டின் வீதமோ இருபத்தாறு.

பிரதம லிகிதர் பதுர்தீன் அவர்களுக்கு அன்று தரையில் கால் படவில்லை. (அவர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். இந்தப் பகுதியை வெட்டாமல் வாசிக்கும்படி அவரே சொல்லிவிட்டார்.)

“பாத்தீங்களா நானா? மிளகும் ஏலமும் மணக்கிற காத்து. இதுல புற்று எங்க வரும்?”

“கிளினிக் கிடைக்காதே, சேர்.”

“வருத்தமே இல்லாத ஊருக்குக் கிளினிக் எதுக்கு? நம்ம ஆளுங்களுக்கு இரும்பு ஒடம்பு!”

மறுநாள் விறாந்தையில் ஒரு பலகை எழுந்தது. ‘நாடு 26, மாத்தளை 11’ என்று வெள்ளை மையில், முழ நீள எழுத்தில் எழுதியிருந்தது. வந்தவர் போனவர் எல்லாம் நின்று வாசித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள்.

ஒரு மாலைப் பொழுது வரைக்கும் ஸக்கரியாவும் அதை நம்பினார் என்பதை மறைக்கக் கூடாது. வேலை முடிந்து அலுவிகாரைக்கு நடந்து போகும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சை ஆழ இழுத்துக்கூடப் பார்த்தார். காற்றில் மிளகு மணந்தது. வீட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது யஹ்யாவின் கடை வந்தது. பலகைகள் போட்டுப் பூட்டியிருந்தது. அப்போதுதான் அவருக்குக் கால் நின்றது.

யஹ்யாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து, முந்தின வருடம் நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னர் மவுத்தானார். மய்யித்தை ஊருக்குக் கொண்டு வந்தபோது சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர் ஸக்கரியா. தோளில் இருந்த அந்தப் பாரம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் தாம் எண்ணிய பதினைந்து பெயர்களில் யஹ்யா என்ற பெயர் இருந்ததாக நினைவில்லை.

விடிந்ததும் வந்து மூன்று முறை பார்த்தார். இல்லை.

ஏன் இல்லை என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வெட்கமும் வந்தது. இறப்பை நடந்த இடத்தில்தான் பதிவார்கள். கொழும்பில் உயிர் போனவர் கொழும்பின் கணக்கில் ஏறிவிடுவார். வாழ்ந்ததெல்லாம் அலுவிகாரையிலாக இருந்தாலும் மாத்தளைப் பதிவில் அவருக்கு இடமில்லை. புற்றுநோய் வந்தவர்களைப் பார்க்க மாத்தளையில் வசதி இல்லை, ஆகையால் போகிறார்கள், போன இடத்தில் இறக்கிறார்கள், ஆகையால் மாத்தளையில் புற்றுநோய் குறைவு, ஆகையால் மாத்தளைக்குக் கிளினிக் தேவையில்லை. இரும்பு உடம்பின் இரகசியம் இவ்வளவுதான்!

எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எங்கே போய்த் தேடுவது? ஸக்கரியாவின் கால்கள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயின. தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழை நோயாளிகளுக்கு ரயிலில் இலவசமாகப் போய்வர வாரன்ட் கொடுப்பது வழக்கம். அதை ஸ்டேஷனில் கொடுத்தால் போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி என்று இரண்டு துண்டாகச் சீட்டுத் தருவார்கள். கொடுத்த வாரன்ட், பெயரும் விலாசமுமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். நோயாளி திரும்பி வந்து வாசலில் ஒப்படைக்கும் பாதிச் சீட்டு, கம்பியில் கோத்துத் தொங்கும். வாரன்ட் இருந்து, கம்பியில் பாதிச் சீட்டு இல்லாவிட்டால், போனவர் திரும்பவில்லை.

வாசலில் டிக்கட் வாங்கும் ஜமால்தீன் அந்தப் புழுதிக் கட்டுகளை இறக்கிக் கொடுத்தார்.

“என்ன நானா, பழைய டிக்கட் சேக்கிறீங்களா? அடுத்தது முத்திரையா?”

“ஆள் சேக்கிறேன், தம்பி.”

“எங்க கூட்டிப் போக?”

“வீட்டுக்கு.”

ஜமால்தீன் கட்டுகளை அவிழ்த்தார். தும்மிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை வாசித்துக் கொடுத்தார்.

அந்த வருடம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், பாதிச் சீட்டு திரும்பாத ஆண்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸக்கரியா பஸ் ஏறினார். குடையும், ஒரு கொப்பியும், வெற்றிலைப் பையும்தான் துணை. சில வீடுகளில் கதவைத் தட்டவே மனம் வராமல் வாசலில் நின்று ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்த பிறகு தட்டினார். ஒரு வீட்டில் தேடிப் போன ஆளே வந்து கதவைத் திறந்தார். ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் திரும்பியவராம்.

“நான் இருக்கேனா செத்துட்டேனான்னு பாக்கவா வந்தீங்க?”

“ஆமா,” என்றார் ஸக்கரியா. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“அப்ப இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. நல்ல சேதிக்கு வெறும் வாயோட போகக்கூடாது.”

அப்படிப் பன்னிரண்டு பேர் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஏழு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் வெட்டியபோது அவருக்குத் திருநாள் வந்ததுபோல இருந்தது. மிச்சம் இருபத்திரண்டு பேர்.

அந்த இருபத்திரண்டு வீடுகளில் ஒன்று நல்லம்மாவின் தோட்டத்து லயக் காம்பரா. அன்று மூடுபனி வாசல்படி வரை வந்து நின்றது. நல்லம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். வருவதற்கான பாதி.

“அவரு வரலீங்க. அவரோட பைய மட்டும் அனுப்பினாங்க. அதுல இது இருந்திச்சு. இது இன்னும் செல்லுங்களா ஐயா?”

“எதுக்கும்மா?”

“இத வச்சு ஒரு தடவ போயி, அவர எங்க பொதச்சாங்கன்னு பாத்துட்டு வரலாமான்னு.”

தேதி முடிந்த சீட்டு. அதுவும் அங்கிருந்து இங்கே வருவதற்கு உரியது, இங்கிருந்து போவதற்கு அல்ல. ஸக்கரியா சீட்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “செல்லாதும்மா,” என்றார். இறந்தவரின் தம்பி மாரிமுத்து வாசலில் நின்று, “இத சொல்லத்தான் இம்புட்டு மலை ஏறி வந்தீங்களாக்கும்?” என்று உறுமினார். மூன்று வாரம் கழித்து அதே ஸக்கரியா மறுபடி மலையேறி வந்தார். லீவு போட்டுக் கொழும்புக்குப் போய், மயானக் காவலாளியைப் பிடித்து, குழியின் இலக்கத்தையும் அங்கே போகும் வழியையும் தம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நல்லம்மாவும் மாரிமுத்துவும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு யாரையும் வழி கேட்காமல் போய்ப் பார்த்து வந்தார்கள்.

பதினைந்தும் இருபத்திரண்டும் முப்பத்தேழு. லட்சத்துக்கு இருபத்தேழுக்கு மேல்! நாட்டைத் தாண்டியாயிற்று! கிளினிக் கையில் வந்துவிட்டது! பதுர்தீன் அவர்கள் தம் கையாலேயே விறாந்தைப் பலகையைக் கழற்றினார். பிழை தெரிந்தால் அதே வேகத்தில் திரும்பும் மனம் அவருக்கு. புஷ்பவதி அறிக்கையைத் தட்டெழுதி முடித்து, கையெழுத்துக்கு நீட்டினார். ஸக்கரியா பேனையைத் திறந்து மூன்று பெயர்களின்மேல் கோடு போட்டார்.

“என்ன நானா பண்றீங்க? அவங்களும் செத்த ஆளுங்கதானே?” என்று பதுர்தீன் பதறினார்.

“செத்தது உண்மை, சேர். மாத்தளையில வாழ்ந்தது உண்மையில்ல. கெக்கிராவைப் பக்கத்து ஆளுங்க. அங்கயிருந்து பஸ்ஸில வந்து இங்க ரயில் ஏறியிருக்காங்க.”

“நம்ம ஸ்டேஷன்லதானே ஏறினாங்க!”

“மழைக்கு நம்ம விறாந்தையில ஒதுங்கினவங்க எல்லாம் நம்ம வீட்டு ஆளா சேர்?”

“மூனு பேர எடுத்தா இருபத்தஞ்சு. நாட்டுக்குக் கீழ போயிரும். கிளினிக் போயிரும். தெரியுமா?”

“கொழும்பு நம்ம ஆளுங்கள எடுத்துக்கிட்டது பிழைன்னு எழுதுறோம். அதே கடிதாசியில நாம கெக்கிராவை ஆளுங்கள எடுத்துக்கிறதா?”

அன்று வெகுநேரம் அவர் மேசையில் இருந்து எழும்பவில்லை. கோடு போட்ட மூன்று பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று கோட்டினால் நாளைக்கு இன்னொரு யஹ்யாவுக்கு ஊரில் டொக்டர் இல்லாமல் போகலாம். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கோட்டை அழிக்கவில்லை. ஆனால் அறிக்கையோடு பத்தொன்பது பெயர்களைக் கொண்ட ஒரு தாளை இணைத்தார். பெயர், ஊர், போன திகதி. நான்காவது நிரலின் தலைப்பில் ‘திரும்பிய திகதி’ என்று எழுதி, பத்தொன்பது கட்டங்களையும் வெறுமையாக விட்டார்.

இரண்டு நாள் அவரோடு எவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புஷ்பவதி தட்டெழுத்து இயந்திரத்தை அடித்த அடியில் ‘க’ எழுத்து வளைந்தது. இன்றுவரை நிமிரவில்லை.

பதில் வர இரண்டு மாதமாயிற்று. பெரிய டொக்டர் ஒருவர் தம் கைப்பட எழுதியிருந்தார்: உங்கள் ஆண்கள் நாட்டின் மற்ற ஆண்களைப் போலத்தான் இறக்கிறார்கள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து இறக்கிறார்கள் என்பதை இதுவரை எவரும் எங்களுக்கு எழுதவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை ஒரு டொக்டரை அனுப்புகிறோம்.

அறுபத்தாறாம் ஆண்டு கிளினிக்கின் கதவு திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் ஒன்பது பேர். இரண்டாவது மாதம் ஸக்கரியா ஒரு லொறியைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போனார். மாரிமுத்து ஏற மறுத்ததை அவரே இன்று காலை எங்களிடம் நடித்துக் காட்டினார்.

“நான் வரமாட்டேன்னு கத்துறேன். தோட்டமே கூடிருச்சு. ஐயா என்னா சொன்னாரு தெரியுமா? ‘கத்துறதுக்குத் தொறக்கிற வாயத்தானே, டொக்டருக்கும் ஒருக்கா தொறந்து காட்டு’ன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டானுங்க. வெக்கத்துல ஏறிட்டேன்.”

கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படை. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டது என்று மாரிமுத்து நினைத்திருந்தார். டொக்டர் வேறாக நினைத்தார். நேரத்தோடு பார்த்ததால் நேரத்தோடு குணமாயிற்று. ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் பக்கத்து மலை வரை கேட்கிறது.

என்ன, கண்ணாடியைத் துடைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், கதை இன்னும் முடியவில்லை.

ஒவ்வொரு முதல் வியாழனும் ஸக்கரியா கிளினிக்கின் வெளி வாங்கில் உட்கார்ந்து, வந்தவர்களின் ஊரைச் சரியாகக் கேட்டு எழுதிக் கொடுப்பார். “எந்த ஊர்ல இருந்து வந்தீங்கன்னு கேக்கல்ல, எந்த ஊர்ல இருக்கிறீங்க?” என்று அவர் கேட்பது நகரம் முழுக்கப் பிரசித்தம். ஆனால் இந்த வருடம் பெப்ரவரியில் இருந்து அவர் அங்கே போவதில்லை. புஷ்பவதியை அனுப்புகிறார். கேட்டால், வேலை கூட என்கிறார்.

தேநீரைத் தட்டில் ஊற்றி, ஆறிய பிறகு குடிக்கிறார். சம்பலை ஒதுக்கி வைக்கிறார். இடப்பக்கம் மென்றவர் வலப்பக்கம் மாறினார். ஏப்ரலில் வெற்றிலைப் பையே சட்டைப் பையில் இருந்து காணாமற் போயிற்று. றாபியா அவர்கள் ஒரு மாதமாகச் சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுக்கிறார்கள், உப்புக் குறைத்து.

கிளினிக்கில் ஒரு நாளைக்கு இடம் முப்பது பேருக்குத்தான், தோட்டத்து ஆட்கள் வெகு தூரத்தில் இருந்து வருகிறார்கள், பக்கத்தில் இருக்கும் நாம் எப்போதும் போகலாம் என்று அவர் காரணம் சொல்கிறார். அதுவும் பொய்யில்லை. ஆனால் உள்ளே இருக்கும் காரணம் எங்களுக்கும் விளங்குகிறது. பெயர்களை எழுதிப் பழகிய கை. நான்காவது நிரலை வெறுமையாக விட்டுப் பழகிய கை. அந்தத் தாளில் தம் பெயருக்கு ஒரு கட்டம் இருக்குமோ என்று பார்க்க அந்த மனிதருக்குப் பயம். நாற்பத்தொரு கதவைத் தட்டியவருக்கு இந்த ஒரு கதவைத் தட்டப் பயம். பயப்படட்டும்; அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பயத்தோடுதான் மாரிமுத்துவும் லொறியில் ஏறினார்.

பெருந்தகையே!

தங்கள் ஓய்வு நாட்கள் அலுவிகாரையில் இருந்து மாத்தளை வரை நடந்து போய்த் திரும்பும் அளவுக்குத் தெம்புள்ளவையாக அமைக! தட்டில் ஊற்றி ஆற்றாத தேநீரும், ஒதுக்கி வைக்காத சம்பலும் தங்கள் மேசைக்குத் திரும்பி வருக! யஹ்யாவின் மகன் திறந்திருக்கும் கடையில் தாங்கள் காலையில் பத்திரிகை வாசித்து, அதில் வரும் புள்ளிவிபரங்களில் எல்லாம் பிழை பிடித்துக்கொண்டே நெடுங்காலம் இருந்திடுக! வல்ல இறைவன் தங்களுக்கும் றாபியா அவர்களுக்கும் நலமும் நிறைவும் நல்குவானாக!

இங்ஙனம்,
தங்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் பேறு பெற்ற
கந்தோர் ஊழியர் எழுவர்,
மாத்தளை.
31.05.1972

(இந்த மடலைப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்புறத்தில், புஷ்பவதியின் கையெழுத்தில்.)

நானா, இங்க ஊசியால குத்தியிருக்கிற துண்டு நாளைக்குக் கிளினிக் நம்பர். ஒன்னாம் நம்பர். யாரோட இடத்தையும் நீங்க புடிக்கல்ல. அது மாரிமுத்து அண்ணனோட ஆறு மாசச் சோதனைக்குக் கொடுத்தது. அவரு டொக்டர்கிட்டச் சொல்லி முப்பத்தொன்னாவதா உக்காரப் போறாரு. ஊர்ப் பேரு எழுதுற இடத்துல அலுவிகாரைன்னு நான் எழுதிட்டேன். சரியான்னு நீங்கதான் பாக்கணும். காலையில ஏழரைக்கு உங்க வீட்டு வாசல்ல நாங்க ரெண்டு பேரும் வந்து நிப்போம். கதவத் தட்டுவோம். தொறங்க, நானா.